வளைந்து போன வெள்ளைக் கற்கள்

ஆந்திரா தனி ராஜ்யமாகி மூன்று வருஷமோ நாலு வருஷமோ ஆகியிருந்தது. நான் அப்போது கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். வயது இருபத்து நாலு, கல்யாணம் ஆகவில்லை. என்னோடு ஒரே அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கடப்பா பக்கத்திலிருந்து வந்த தெலுங்கு வாத்தியார். இன்னொருவர் காளஹஸ்திக்காரர், கணக்கு வாத்தியார். வீட்டில் அம்மாவோடு தமிழும் அப்பாவோடு தெலுங்கும் பேசி வளர்ந்தவர். அதனால் எங்கள் அறையில் எந்தச் சண்டை வந்தாலும் நடுவர் வேலை அவருக்குத்தான்.

சண்டை என்றால் ஒரே சண்டைதான். சித்தூர் ஜில்லாவில் எந்தத் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்று முடிவாகாத நேரம் அது. பஸ்ஸில், சந்தையில், டீக்கடையில் எங்கே போனாலும் இதே பேச்சு. கல் நடப் போகிறார்கள், அடுத்த வாரம் வருகிறார்கள் என்று யாராவது ஒரு செய்தியோடு வருவார்கள். நானும் தெலுங்கு வாத்தியாரும் ஒரே ஊறுகாய் ஜாடியில் கை விடுகிறவர்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் கஞ்சி வைப்பார். ஆனால் பேச்சு எல்லைக்கு வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்துவிடும். புத்தூர் எங்களுக்கு என்பேன் நான். திருத்தணியும் எங்களுக்கே என்பார் அவர். கணக்கு வாத்தியார் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிடுவார்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் எங்கேயாவது காலார நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். இன்ன இடம் என்று கிடையாது. வெதுருகுப்பம் போகிற திசையில் குன்றுகளின் அடிவாரம் வரை நடப்பது, நிழல் கண்ட இடத்தில் சாப்பிடுவது, பொழுது சாய்வதற்குள் திரும்புவது, அவ்வளவுதான் திட்டம். மெஸ் நடத்திய அம்மா தூக்குவாளியில் புளிசாதமும் தயிர்சாதமும் போட்டுக் கொடுத்தார். தெலுங்கு வாத்தியார் ஊரிலிருந்து வந்திருந்த கோங்கூரா, அதாவது புளிச்சக்கீரை ஊறுகாயை ஒரு சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டார்.

அன்றைய வெயில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சுடுகிற வெயில் இல்லை. எல்லாவற்றையும் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று காட்டுகிற வெயில். வேர்க்கடலை பிடுங்கிய கொல்லைகளில் செம்மண் புரண்டு கிடந்தது. ஓர் இடத்தில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வாசனை பிடித்துப் போய் நின்றோம். வாத்தியார்கள் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு சொம்பு கரும்புச்சாறு கொடுத்தார்கள். மாமரங்களெல்லாம் பூத்திருந்தன. நடக்க நடக்க, பள்ளிக்கூடம் ரொம்ப தூரத்தில் இருப்பது போலவும் நாங்களே சின்னப் பையன்களாகிவிட்டது போலவும் இருந்தது.

குன்றுக்கு அருகில் ஆள் உயரத்துக்குச் சோளம் நின்ற ஒரு கொல்லை. உள்ளே எங்கேயோ அரிவாள் சத்தம் கேட்டது, ஆள் தெரியவில்லை. அதன் ஓரத்தில்தான் அந்தக் கற்களைப் பார்த்தோம்.

ஒவ்வொன்றும் ஒரு தலை அளவு இருக்கும். சுண்ணாம்பு அடித்திருந்ததால் வெயிலில் கண்ணைப் பறித்தன. நாலடிக்கு ஒன்றாக, ஒரு வரிசையாகக் கொல்லை ஓரத்திலிருந்து தொடங்கிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை போயின. பக்கத்தில் கோயில் இல்லை, சாலை இல்லை, வீடு எதுவும் தெரியவில்லை. இந்தப் பொட்டல் வெளியில் இத்தனை கற்களுக்கு யார் மெனக்கெட்டுச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள்?

தெலுங்கு வாத்தியார்தான் முதலில் சொன்னார், இதுதான் எல்லைக் கல் என்று. நமக்கே தெரியாமல் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கணக்கு வாத்தியார் குனிந்து ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தார். சர்வே கல் என்றால் செதுக்கி நட்டிருப்பார்கள், நம்பர் இருக்கும், இது சும்மா பொறுக்கி வைத்த கல் என்றார். பழைய ஜமீன் கணக்கில் ஏதாவது அடையாளமாக இருக்குமோ என்று யோசித்தோம். திருவிழாவுக்குச் சாமி வருகிற பாதையோ என்று பார்த்தோம். எதுவும் பொருந்தவில்லை. சரி, வரிசை எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிடலாம் என்று அதன் பின்னாலேயே நடந்தோம்.

அந்த நடையில் எங்களுக்கு இருந்த குஷியைச் சொல்லி முடியாது. கல் ஒரு வரப்பைத் தாண்டும், நாங்களும் தாண்டுவோம். ஒரு காய்ந்த ஓடையில் இறங்கும், நாங்களும் இறங்குவோம். ஓடையில் சரிவு குறைவான இடமாகப் பார்த்து வைத்திருந்தார்கள். முள் செடி இருந்த இடத்தில் ஒதுங்கிப் போனது. வைத்தவர் யாரோ நல்ல யோசனைக்காரர் என்று கணக்கு வாத்தியார் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு ஒரு பெரிய மாமரம் வந்தது. அது வரை நேராக வந்த வரிசை அங்கே திடீரென்று இடப்பக்கம் வளைந்து, மரத்தைச் சுற்றி அகலமாக ஒரு அரைவட்டம் போட்டு, மறுபடி நேராகப் போனது. வலப்பக்கம் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. முழங்கால் உயரம் காய்ந்த புல், அங்கங்கே ஆவாரஞ்செடி, அவ்வளவுதான். நேராகப் போக வேண்டியது ஏன் வளைகிறது?

தெலுங்கு வாத்தியார் சிரித்தார். கல்லுக்கு வலப்பக்கம் ஆந்திரா, இடப்பக்கம் மதராஸ், மரம் நல்ல மரம் என்று ஆந்திராவுக்காக வளைத்துவிட்டார்கள், இனி மாங்காய் எங்களுக்குத்தான் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கும் விளையாட்டாகத்தான் தோன்றியது. ஆனால் ஒரு சின்ன வீம்பும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். தூக்கைக் கீழே வைத்துவிட்டு, வளைவில் இருந்த ஏழு கற்களில் முதல் நாலைத் தூக்கி மரத்துக்கு வலப்பக்கம் வரிசையாக வைத்தேன். இப்போது மரம் எங்கள் பக்கம் என்றேன்.

மிச்ச மூன்றையும் வைக்க வேண்டுமானால் புல்லுக்குள் இன்னும் போக வேண்டும். பாம்பு கீம்பு இருக்கும், விடு என்றார் கணக்கு வாத்தியார். அப்படியே விட்டுவிட்டேன். திரும்பி வரும்போது எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று அவர் சொன்னார். சரி என்றேன். தூக்கை எடுத்துக்கொண்டு இடப்பக்கமாகவே நடந்து வரிசையைப் பிடித்தோம். அடுத்த ஐந்து நிமிஷத்தில் அதை மறந்தே போய்விட்டேன்.

வரிசை இரண்டு கொல்லைகளைத் தாண்டி ஒரு புங்கமரத்தடியில் முடிந்தது. அங்கே ஒற்றையாக ஒரு கூரை வீடு. வாசலில் முப்பத்தைந்து வயது இருக்கிற ஒரு அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வீட்டுச் சுவரும் கற்களைப் போலவே வெள்ளை வெளேர் என்று இருந்தது.

குடிக்கத் தண்ணீர் கேட்டோம். தெலுங்கு வாத்தியார் தெலுங்கில் கேட்டார், தெலுங்கில் பதில் வந்தது. நான் தமிழில் ஊர் விசாரித்தேன், தமிழில் பதில் வந்தது. நாங்கள் சாப்பாடு வைத்திருக்கிறோம் என்று சொன்னதும் பாய் எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஆறிப்போன சோற்றைத் தின்பானேன் என்று உள்ளே போய்ச் சுடச்சுடக் கேழ்வரகுக் களியும் கீரையும் கடலைத் துவையலும் கொண்டுவந்து வைத்தார். எங்கள் புளிசாதத்தில் அவருக்கும் வீட்டுக்காரருக்கும் என்று ஒரு பங்கை எடுத்து வைத்தோம். கோங்கூரா ஊறுகாயை வாசனை பார்த்துவிட்டு அவர் சிரித்தார். அந்தக் களியின் ருசிக்கு ஈடாக நான் பிறகு எதுவும் சாப்பிட்டதில்லை. ஆனால் அப்போது நாலு வாய்க்கு மேல் உள்ளே போகவில்லை.

ஏனென்றால் கணக்கு வாத்தியார் கேட்டார், அந்த வெள்ளைக் கல்லெல்லாம் எதற்கு என்று.

"அதுவா சார்? எங்க ஊட்டுக்காரர் நடக்கிறதுக்கு வெச்சது," என்றார் அந்த அம்மா. "அம்மை போட்டு கண்ணு பூட்ச்சி அவருக்கு. நல்ல வெய்யில்ல வெள்ளையா எதுனா கிட்ட இருந்தா மட்டும் மங்கலா தெரியுதுன்னாரு. அதான் பொங்கலுக்கு செவுத்துக்கு அடிச்ச சுண்ணாம்ப கல்லுக்கும் அடிச்சேன். இப்ப அவராவே கொல்லைக்குப் போறாரு, வராரு."

 மாமரத்துக்குப் பக்கத்தில் வரிசை ஏன் வளைகிறது என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் பயமாக இருந்தது.

"அங்க புல்லுல ஒரு மொட்டைக் கெணறு கீது. அடுத்தவங்களுது. போட்ட முள்வேலியக் கறையான் துன்னுட்ச்சி. அதுக்குத்தான் சுத்தி வெச்சேன்." பிறகு சூரியனை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார், "சோளத்தட்டை அறுக்கப் போனாரு. உச்சி வெய்யில்லதான் நல்லா தெரியும். வந்துக்கினு இருப்பாரு."

 கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடினோம். என்ன ஏது என்று அந்த அம்மா பின்னால் கேட்டது காதில் விழுந்தது.  செருப்பு எங்கேயோ கழன்று போனது. கடலைக் கொல்லைப் புரட்டில் கால் புதைந்து புதைந்து ஓட்டமே நகராத மாதிரி இருந்தது. எனக்கு முன்னால் ஓடிய தெலுங்கு வாத்தியார் விழுந்து எழுந்தார்.

மாமரம் தெரிந்தபோது ஆளும் தெரிந்தார். தலையில் பெரிய சோளத்தட்டைக் கட்டு. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்திருந்தார், அதனால் கையில் கோல் இல்லை. மரத்துக்கு வலப்பக்கம், நான் வைத்த நாலாவது கல்லருகே நின்று, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி அடுத்த வெள்ளையைத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு எதிரே காய்ந்த புல்லில் ஏதோ வெளுப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு அடி எடுத்து வைத்தார். இன்னொரு அடி.

"நில்லுங்க!" என்று நான் கத்தினேன். அதே நொடியில் தெலுங்கு வாத்தியார் "ஆகு, ஆகு!" என்றார். தெலுங்கில் அதற்கும் நில் என்றுதான் அர்த்தம். எது அவர் காதில் முதலில் விழுந்ததோ தெரியாது. தூக்கிய காலை அப்படியே கீழே ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

கணக்கு வாத்தியார் பின்பக்கமாகப் போய் அவர் தோளைப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுத்தார். நான் புல்லை விலக்கிப் பார்த்தேன். அவர் நின்ற இடத்திலிருந்து இரண்டடிகூட இல்லை. தரையோடு தரையாகக் கிணற்றின் வாய். உள்ளே வெகு ஆழத்தில் தண்ணீர் ஒரு காசு அளவுக்கு மின்னியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் அந்த அம்மாவும் ஓடி வந்துவிட்டார். வீட்டுக்காரர் கேட்டார், "இன்னா ஆச்சி? கல்லு மாறிக்கீதே?" அந்த அம்மா மூச்சு வாங்கியபடி கற்களைப் பார்த்தார். "மாடு எதுனா ஒதச்சிருக்கும் மாமா," என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மாடு உதைத்தது என்றே போயிருக்கும். சரியான நேரத்தில் ஓடி வந்து உயிரைக் காப்பாற்றிய வாத்தியார்கள் என்று எங்களைக் கும்பிட்டிருப்பார்கள். அந்த ஆசை எனக்கு வந்தது. ஒரு நொடி இல்லை, நன்றாகவே நாலைந்து நொடி வந்தது. தெலுங்கு வாத்தியார் என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பி வாயெடுத்தார். அவர் எனக்காகப் பேசப் போகிறார் என்று தெரிந்ததும்தான் எனக்கு ரோஷம் வந்தது.

"மாடு இல்லைங்க. நான்தான் எடுத்து வச்சேன்," என்றேன்.

அந்த அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"எதுக்கு?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பில் நாற்பது பேருக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்கிற வாய் குழறியது. எல்லைக் கல் என்று நினைத்தது, மரம் யார் பக்கம் என்று வேடிக்கை பேசியது, வீம்பில் தூக்கி வைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமான காரியம் என்பது எனக்கே கேட்டது. பேச்சைத் தொடங்கியதே நான்தான் என்று தெலுங்கு வாத்தியார் தன் அரைகுறைத் தமிழில் சொன்னார். எடுத்த கல்லை அப்போதே திருப்பி வைக்கச் சொல்லியிருக்க வேண்டும், நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன் என்றார் கணக்கு வாத்தியார்.

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். வீட்டுக்காரருக்கோ பயம் தெளிந்த பிறகு வேறு ஒரு யோசனை ஓடியது போலிருக்கிறது. கட்டை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து நாலாவது கல்லைத் தடவிக்கொண்டே கேட்டார், "அப்ப, மரம் யார் பக்கம் வந்திச்சி சார்?" குத்திக் காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அதைவிட வலித்த கேள்வி கிடையாது.

நாலு கற்களையும் நானே தூக்கினேன். கல் இருந்த இடங்களில் மண் அழுந்திய தடம் இருந்தது. அந்த அம்மா ஒவ்வொரு கல்லாக நின்று பார்த்து, இரண்டை ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னார். கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய வீட்டுக்காரரைத் தடுத்து, "நீ இரு மாமா. அவுங்க மொதல்ல நடக்கட்டும்," என்றார்.

எப்படி நடப்பது என்று வீட்டுக்காரர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "கண்ண நல்லா இடுக்கிக்கோங்க சார். வெய்யில்ல எல்லாம் ஒண்ணா கலங்கிடணும். அதுல வெள்ளை மட்டும் தெரியும் பாருங்க. எனக்கு அவ்ளோதான்."

இமை மூடுகிற மட்டும் இடுக்கிக்கொண்டு நடந்தேன். மரம் போய்விட்டது, புல் போய்விட்டது, ஆட்கள் போய்விட்டார்கள். பழுப்பான ஒரு பெரிய வெளிச்சமும், அதில் ஒரு வெள்ளைப் புள்ளியும் மட்டும்தான். அதை அடைந்ததும் அடுத்தது எங்கே என்று தெரியாத ஒரு கணம் வரும். முகத்தைத் திருப்பித் தேட வேண்டும். பிறகு அதோ, அடுத்தது. அந்தக் கணத்தில்தான் தெரிந்தது, இந்த மனிதர் ஒவ்வொரு அடியையும் தன் மனைவி வைத்த கல்லை நம்பித்தான் வைக்கிறார் என்று. ஏழு கற்களைக் கடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்குப் பின்னால் தெலுங்கு வாத்தியாரும் கணக்கு வாத்தியாரும் அதே மாதிரி நடந்தார்கள். கடைசியாக வீட்டுக்காரர் கட்டோடு நடந்தார், எங்களைவிட வேகமாக.

அப்படியே கிளம்பிவிடலாம் என்றுதான் எங்களுக்கு இருந்தது. அந்த அம்மா விடவில்லை. களி ஆறிப் போச்சி, வந்து துன்னுங்க என்றார். ஐந்து பேரும் புங்கமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வீட்டுக்காரர் கோங்கூராவை ருசித்துவிட்டு, தெலுங்கு வாத்தியாரிடம் கடப்பாவைப் பற்றி விடாமல் விசாரித்தார். அங்கே மண் என்ன நிறம், என்ன விளையும், கிணறு எத்தனை ஆழம் என்றெல்லாம் கேட்டார். அந்த அம்மா எல்லோருக்கும் பரிமாறினார், எனக்கும் குறைவைக்கவில்லை. ஆனால் என்னோடு பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் என்னிடம் வந்து, "இன்னொரு தபா எதுனா பாத்தா, யாரையாச்சும் கேட்டுட்டு அப்புறம் தொடுங்க சார்," என்றார். குரலில் கோபம் இல்லை. 

 மறு ஞாயிற்றுக்கிழமை யாரும் யாரையும் கூப்பிடாமல் மூன்று பேரும் அங்கேயே கிளம்பினோம். கிணற்றுக்குச் சொந்தக்காரர் மதராசில் இருந்தார். சுற்றிச் சுவர் கட்டிக்கொள்ளச் சொல்லித் தலைமையாசிரியர் மூலம் அவரிடம் ஒரு கடிதம் வாங்கினோம். ஓடைக் கல்லைச் சுமந்து, மண் குழைத்து, நாலு ஞாயிறு வேலை செய்து கிணற்றைச் சுற்றி இடுப்பளவு சுவர் எழுப்பினோம். எங்கள் மூன்று பேருக்கும் கொத்து வேலை தெரியாது. சுவர் கோணலாகத்தான் வந்தது. வீட்டுக்காரர் கையால் தடவிப் பார்த்து எங்கே கல் ஆடுகிறது என்று சொல்ல, அந்த இடத்தைப் பிரித்துத் திருப்பிக் கட்டினோம். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா என்னோடு பேசினார். மண்ணில் தண்ணீர் ஜாஸ்தி என்றார். எனக்கு அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பிறகு எல்லை முடிவாயிற்று. நாங்கள் இருந்த தாலுகா ஆந்திராவிலேயே நின்றுவிட்டது, திருத்தணி மதராசுக்குப் போயிற்று. தெலுங்கு வாத்தியாருக்கு மாற்றல் வந்து ஊருக்குப் போனார். கடைசி வரை எங்களுக்குள் கடிதப் போக்குவரத்து இருந்தது. புத்தூரும் திருத்தணியும் அந்தக் கடிதங்களில் வந்ததில்லை. அந்தத் தம்பதி எப்படி இருக்கிறார்கள் என்ற விசாரிப்புதான் வரும்.

எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்துவிட்டேன். புரியாத ஒன்றைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆவல் வரத்தான் செய்கிறது, அது குறையவில்லை. ஆனால் அதை யாரோ ஒருவர் இன்னொருவருக்காக வைத்திருக்கக்கூடும் என்ற எண்ணம் இப்போது என் கையை முந்திக்கொள்கிறது. அந்த ஒரு எண்ணத்தை நான் கற்றுக்கொள்ள ஒரு மனிதர் கிணற்றிலிருந்து இரண்டடி தூரத்தில் நிற்க வேண்டியிருந்தது என்பதுதான் இன்னும் ஆறவில்லை.